நகலெடுக்க வந்த இயந்திரம்

1933இல் கிங் காங் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் மீது ஏறியபோது, பொம்மைக் குரங்கையும் நிஜ மனிதர்களையும் ஒரே பிரேமில் சேர்த்த உத்திகளுள் ஒன்று ஆப்டிகல் பிரிண்டிங். ஒரு புரொஜெக்டர், எதிரே ஒரு கேமரா, நடுவில் லென்ஸ். எடுத்து முடித்த பிலிமை ஒவ்வொரு பிரேமாக மறுபடி படம்பிடிப்பார்கள். ஒட்டு தெரியாமல் ஒட்டுவதே அன்று அதன் வேலை.

அக்காலத்தில் ஸ்டூடியோக்கள் இந்தக் கருவியைத் தாங்களே செய்துகொண்டன. இரண்டாம் உலகப் போர் அதை மாற்றியது. அமெரிக்கப் படைகளின் படப்பிரிவுகளுக்காக, கிங் காங்கில் பணியாற்றிய லின்வுட் டன், கடையில் வாங்கக்கூடிய ஆக்மி-டன் பிரிண்டரை உருவாக்கினார்.

வித்தை தனிக் கலைஞர்களின் கைக்கு வந்ததும் குணம் மாறியது. 1967இல் லாஸ் ஏஞ்சலிஸின் பேட் ஓ'நீல், எண்ணெய்க் கிணற்றுப் பம்புகளையும் மனித உடலையும் கண்ணாடிப் பிம்பம்போல் மடித்து ஒரு படம் செய்தார். பெயர் ‘7362’. அது அவர் பயன்படுத்திய கோடக் பிலிமின் எண்! மறு ஆண்டு, கனடாவில் நார்மன் மெக்லாரன் ஒரே பிரேமைப் பதினொரு முறை வரை பதிவுசெய்து, இரு நடனக் கலைஞர்களை விசிறிபோல் விரித்தார்.

எனக்கு மிகவும் பிடித்த கிளைக்கதை காகிதத்தைப் பற்றியது. 1912 வரை அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் திரைப்படத்துக்கு இடமில்லை, புகைப்படத்துக்கு இருந்தது. ஆகவே தயாரிப்பாளர்கள் முழுப் படத்தையும் நீளக் காகிதச் சுருளில் அச்சிட்டு, புகைப்படம் என்று பதிவுசெய்தார்கள். மூலப் பிலிம்கள் மட்கியும் எரிந்தும் போயின, காகிதம் பிழைத்தது. பின்னாளில் அதை ஒவ்வொரு பிரேமாகப் படமெடுத்துப் பிலிமாக மீட்டார்கள். அப்படி உயிர்த்தெழுந்த 1905ஆம் ஆண்டின் குறும்படம் ஒன்றை நியூயார்க்கின் கென் ஜேக்கப்ஸ் திரையில் ஓட்டி, நிறுத்தி, நெருங்கி, மறுபடி படம்பிடித்தார். பிரிண்டர்கூட இல்லை, வித்தை மட்டும் அதேதான். சில நிமிடப் படம் ஏறத்தாழ இரண்டு மணிநேரமாக விரிந்தது. கூட்டத்தில் ஒதுங்கி நின்ற முகமொன்று தூளாகச் சிதறி, வெறும் பிலிம் துகள்களாகிறது.

பிறகு ஜாக்கோ குர்ஹி கலிபோர்னியாவில் 16 மி.மீ.க்கான எளிய ஜே.கே. பிரிண்டரைச் செய்து விற்றார். மேசைமேல் அடங்கும் கருவி, கலைக்கல்லூரிகளுக்கும் கட்டுப்படியானது.

1999இல் வியன்னாவின் பீட்டர் செர்காஸ்கி இயந்திரத்தையே விலக்கினார். இருட்டறையில் ஒரு ஹாலிவுட் பேய்ப்படத்தின் பிலிமை வெற்றுப் பிலிம்மேல் வைத்து, லேசர் பாயின்ட்டரால் பிரேம் பிரேமாக ஒளியேற்றினார். இப்படி உருவான ‘அவுட்டர் ஸ்பேஸ்’ படத்தில் நாயகியைத் தாக்க வருவது பேய் மட்டுமல்ல. ஓரத்துத் துளைகளும் ஒலிக்கோடும் பிரேமுக்குள் பாய்கின்றன.