கேட்டு வருவதா, கூப்பிட்டு வருவதா?

நண்பரைச் சங்கத்தில் சேரச் சொல்லலாமா என்ற கேள்வி ஜொகூருக்குப் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே ஆற்றோரமாக மிளகும் காம்பியரும் பயிரிட்ட சீனர்களிடையே ஙீ ஹெங் கொங்சி என்ற சங்கம் கோலோச்சியது. ஜொகூர் அரசு வேறு எந்தக் கொங்சியையும் அனுமதிக்கவில்லை. ஆற்றோரத் தோட்டக் குடியிருப்பைக் குறிக்கும் 'கங்கார்' என்ற சொல்லைத் தாங்கிய கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்ற ஊர்ப்பெயர்கள் அக்காலத்தின் மிச்சம். அத்தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தவனுக்குக் கொங்சியை விட்டால் வேறு நிழல் ஏது? விருப்பமா என்று அவனைக் கேட்கவும் அவசியம் இருந்திருக்காது.

கேட்டு, அவன் மறுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மலாய் எழுத்தாளர் அப்துல்லா முன்ஷி சாட்சி. மலாக்காவில் பிறந்து தமிழும் கற்ற அவர், சிங்கப்பூர்க் காட்டுக்குள் மறைந்து சென்று, அதே மரபைச் சேர்ந்த ரகசியச் சங்கத்தின் சடங்கைப் பார்த்தார். சேர மறுத்தவனை அங்கே வதைத்ததை 1849இல் வெளிவந்த தன்வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார்.

ஃபிரீமேசன்கள் என்ற சகோதரச் சங்கத்தார் இதற்கு நேர் எதிர்த்துருவம். ஜொகூர் ராயல் லாட்ஜ் என்ற கிளையுடன் நம் மாநிலத்திலும் அவர்கள் வேரூன்றினார்கள். சேர வருபவர், என்னை யாரும் தூண்டவில்லை, நானாகவே வந்தேன் என்று உறுதி கூறவேண்டும் என்பது அவர்களுடைய பழைய விதி. ஆகவே உறுப்பினர்கள் வாய்திறவாமல் இருந்தார்கள். தந்தை லாட்ஜில் இருந்தும், மகன் கேட்கட்டும் என்று காத்திருக்க, தந்தை அழைக்கட்டும் என்று மகன் காத்திருந்த குடும்பங்களும் இருந்திருக்கும். இந்த முட்டுக்கட்டையை இங்கிலாந்துத் தலைமை லாட்ஜ் 1981 டிசம்பரில் தளர்த்தியது. தகுதியானவரிடம் சார்பில்லாத சொற்களில் ஒருமுறை சொல்லலாம். ஒரே ஒருமுறை நினைவூட்டலாம். அதற்குமேல் முடிவு அவருடையது.

1905இல் சிக்காகோவில் பால் ஹாரிஸ் தொடங்கிய ரோட்டரி சங்கத்தின் மரபோ வேறு. அங்கே உறுப்பினர் அழைத்துப் புதியவர் வருவதே வழக்கம். இரண்டு மரபுகளும் வாழ்கின்றன என்பதால், அழைப்பதா வேண்டாமா என்பதைவிட எப்படி அழைப்பது என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

நம்மவர்க்கு நண்பரின் வேண்டுகோளைத் தட்டுவது கடினம். "என்னங்க, நான் கேட்டும் வரலியா?" என்ற ஒரு வரி போதும், மனிதர் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார், சந்தாவும் கட்டுவார். மூன்றாம் கூட்டத்தில் ஆளைக் காணோம். காப்புறுதியும் நேரடி விற்பனையும் நட்பின் பெயரால் வாசல்வரை வரும் இக்காலத்தில், அவர் சங்கத்தையும் அந்தக் கணக்கில்தான் எழுதுவார். எனவே சொல்லவேண்டியதை ஒருமுறை சொல்லி, சந்தா எவ்வளவு, மாதத்தில் எத்தனை மாலை போகும் என்பதையும் மறைக்காமல் சொல்லி, பேச்சை மாற்றிவிடுவது நல்லது. 1981இன் விதியில் என் மனத்துக்குப் பிடித்தது அந்த "ஒரே ஒருமுறை"தான்.

ஒரு வகை அழைப்பை மட்டும் நான் எக்காரணத்தாலும் ஏற்கமாட்டேன். ஆண்டுக்கூட்டத் தேர்தலுக்கு முன்பு, வேட்பாளரே சந்தாவைக் கட்டி ஐம்பது நண்பர்களைச் சேர்ப்பது. முன்மொழிபவர், வழிமொழிபவர் என்று பாரத்தில் இரண்டு கட்டங்கள் இருப்பது ஆளை அறிந்து பொறுப்பேற்பதற்காக. ஓர் உறுப்பினர், அந்த ஆண்டு தாம் முன்மொழிந்தவருடைய வாக்கைப் பெற்றுப் பதவிக்கு நிற்கக்கூடாது என்று நம் சங்க விதிகளில் ஒரு வரி சேர்க்கலாம்.