கிளேர் மெக்கார்டல்: துணைக்கு ஆள் வேண்டாத ஆடை

'ஸ்போர்ட்ஸ்வேர்' என்பதை விளையாட்டு உடை என்று பெயர்த்தால் அமெரிக்க ஆடை வரலாற்றின் ஒரு பகுதி பிழையாகவே விளங்கும். முதலில் டென்னிஸ், கோல்ஃப் ஆடவும் பார்க்கவும் செல்வோரின் உடையைக் குறித்த அச்சொல், நாளடைவில் அலுவலகம், அடுக்களை, பயணம் என எங்கும் அணியத்தக்க எளிய ஆயத்த ஆடையைக் குறிக்கலாயிற்று. அம்மாற்றத்திற்கு உருக்கொடுத்தோரில் முதன்மையானவர் கிளேர் மெக்கார்டல் (1905–1958).

மேரிலாந்தில் பிறந்து நியூயார்க்கிலும் பாரிசிலும் பயின்றவர். பாரிசில் மதலேன் வியோனேவின் ஆடைகளை வாங்கித் தையல் பிரித்துப் பார்த்துக் கற்றார். ஆயினும் பாரிசைப் படியெடுப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த அன்றைய நியூயார்க்கின் வழியில் அவர் செல்லவில்லை.

1938இல் இடுப்புத் தையலே இல்லாத ஓர் ஆடையை டவுன்லி நிறுவனத்துக்காக வடிவமைத்தார். தோளிலிருந்து தளர்வாகத் தொங்கும். இடைவாரைக் கட்டினால் எவ்வுடலுக்கும் பொருந்தும். அதன் நகல்கள் சந்தையில் பெருகின. ஆடை வடிவத்திற்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாத நாட்டில் நகல்களோடு போராடியே டவுன்லி மூடப்பட்டது. 1940இல் அது மீண்டும் திறந்தபோது அவர் பெயர் ஆடையின் முத்திரைத் துணியில் ஏறியது. உற்பத்தியாளரின் நிழலில் வடிவமைப்பாளர் மறைந்திருந்த காலத்தில் இது சிறிய செய்தியன்று.

போர்க்காலத்தில் வீட்டுப் பணியாளர்கள் தொழிற்சாலைகளுக்குச் சென்றுவிட, சமையலைத் தாமே செய்ய நேர்ந்த பெண்களுக்காக 1942இல் 'பாப்ஓவர்' வந்தது. உடலைச் சுற்றிக் கட்டும் டெனிம் ஆடை, பெரிய பாக்கெட், உடன் ஓர் அடுப்புக் கையுறை, விலை 6.95 டாலர். தோல் காலணிகளுக்குப் பங்கீடு வந்ததும், பங்கீட்டுக்கு உட்படாத பாலே காலணிக்குக் கனத்த அடிப்பாகம் வைத்துத் தெருவில் நடக்க ஏற்றதாக்கினார்.

அவர் சிந்தனையைத் தெளிவாகக் காட்டுவது ஜிப்பின் இடம். முதுகில் ஜிப் இருந்தால் இழுத்துவிட இன்னொருவர் வேண்டும். கணவரோ பணிப்பெண்ணோ இல்லாத பெண் என்ன செய்வாள்? அவர் அதைப் பக்கவாட்டில் வைத்தார். மாலை விருந்து உடைக்கும் பாக்கெட் தைத்தார்.

1955இல் 'டைம்' இதழின் அட்டையில் அவர் படம் வந்தது. மூன்றாண்டுகளில் புற்றுநோய் அவரைக் கொண்டுசென்றது. இறுதித் தொகுப்பை மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே முடித்தார். 1957இல் கிறிஸ்தியன் டியோர் இறந்தபோது அவர் நிறுவனம் 21 வயது ஈவ் சான் லோரானிடம் சென்று இன்றும் நிற்கிறது. மெக்கார்டலின் முத்திரையையோ, அவர் இல்லாமல் அது வேண்டாம் என்று குடும்பத்தினரே மூடிவிட்டனர். சுற்றிக் கட்டும் ஆடையும் தட்டைக் காலணியும் இன்றும் கடைகளில் விற்கின்றன, அவர் பெயரில்லாமல்.