கிள்ளான் குழந்தைகளும் மலேரியாவும்

1901-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மால்கம் வாட்சன் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்தபோது, ஊர் மலேரியாவில் கிடந்தது. அந்நோயைக் கொசு சுமக்கிறதென ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டு நான்காண்டுகூட நிறையவில்லை. ஊரையும் போர்ட் சுவெட்டன்ஹாமையும் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) சூழ்ந்த சதுப்பில் வடிகால்கள் வெட்டப்பட்டன. ஊரிலிருந்து மருத்துவமனை சேர்ந்த மலேரியா நோயாளிகள் 1901-இல் 334 பேர். 1905-இல் 12 பேரே.

ஆயின் மருத்துவமனைக் கணக்கு வந்தவரை மட்டுமே எண்ணும். காய்ச்சற்பிள்ளையை இடுப்பில் ஏந்தி நெடுவழி நடக்கும் தாய் ஒரு நாட்கூலியை இழக்க வேண்டும். வராத பிள்ளைகளை எவ்வாறு எண்ணுவது? வாட்சன் அவர்களைத் தேடிச் சென்றார். பெரியவர் இடம்பெயர்பவர், நோயை எங்கே பெற்றார் என்று துணிதல் அரிது. குழந்தையோ அவ்விடத்திலேயே வளர்வது. 1904 இறுதியில் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, கிள்ளானில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே கிருமி காணப்பட்டது. வடிகாலில்லாப் பகுதிகளிலோ மூன்றில் ஒருவருக்கு! அப்பகுதிகளிலிருந்து வந்த நோயாளிகள் 197-இலிருந்து, 1905-இல் 353 ஆயினர். ரப்பர்த் தோட்டங்களில் ஆள் பெருகியதும் இதற்கொரு காரணம் எனலாம். காசு செலவிட்டது ஊருக்கும் துறைமுகத்துக்குமே என்பதும் மறைக்கத்தக்கதன்று.

பின்னர்த் தோட்ட லயங்களில் தமிழ்ப் பிள்ளைகளின் வயிற்றைத் தடவி, வீங்கிய மண்ணீரல்களை அவர் கணக்கெடுத்தார். குன்றுப்புறத் தோட்டங்களில் காடழித்தும் நோய் தணியவில்லை. வெயில்படும் தெளிந்த ஓடைகளில் வேறொரு கொசுவினம் பெருகியது. அங்கு நிலத்தடிக் குழாய்களும், 1914 முதல் எண்ணெய்த் தெளிப்பும் வேண்டியிருந்தன. அவை பயன்தந்தனவா என்பதற்கும் பிள்ளைகளின் மண்ணீரலே சான்றாயிற்று.