காணிக்கை, கைவினை, காபி: நியாய வணிகத்தில் திருச்சபைப் பெண்கள் சங்கங்களின் பங்கு

முன்னுரை

விளைவிப்பவருக்கு நியாயமான விலை கொடுத்து வாங்கும் நியாய வணிகக் காபியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1988-ல் நெதர்லாந்தில் பிறந்த மாக்ஸ் ஹாவெலார் முத்திரையிலிருந்து தொடங்குவர். மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்தில் காபி விவசாயிகளிடையே வாழ்ந்த டச்சுப் பாதிரியார் பிரான்ஸ் வான் டெர் ஹோஃபும், சாலிடாரிடாட் அமைப்பின் நிகோ ரோசனும் உருவாக்கிய முத்திரை அது. ஆனால் முத்திரை குத்திய காபியை வாங்க ஆள் வேண்டும். ஒருமுறை இரக்கப்பட்டு வாங்குபவர் போதாது. மாதந்தவறாமல் வாங்குபவர் வேண்டும். அத்தகைய வாடிக்கையை உருவாக்கியதில் அமெரிக்க, ஐரோப்பியத் திருச்சபைகளின் பெண்கள் சங்கங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. காணிக்கை, கைவினை, காபி என்ற மூன்று கட்டங்களில் அந்தப் பங்கு வளர்ந்த விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

காணிக்கை தந்த பயிற்சி

வாங்கும் பொருளின் பின்னால் யாருடைய உழைப்பு இருக்கிறது என்று கேட்பது கிறிஸ்தவப் பெண்களுக்குப் புதிதல்ல. பிரிட்டனில் 1791-ல் தொடங்கிய சர்க்கரைப் புறக்கணிப்பு, அடிமைகள் விளைவித்த சர்க்கரையை வீட்டுக்குள் விடக் கூடாது என்றது. வீட்டுக்கு என்ன வாங்குவது என்ற முடிவு பெண்களின் கையில் இருந்ததால் போராட்டமும் அவர்கள் கைக்கு வந்தது. 1820-களில் லெஸ்டர் நகரின் எலிசபெத் ஹெய்ரிக் இதே புறக்கணிப்பை மீண்டும் வீடுவீடாகக் கொண்டுசென்றார்.

அமைப்பாகச் செயல்படும் பயிற்சியை மிஷன் சங்கங்கள் கொடுத்தன. 1869-ல் பாஸ்டனில் மெதடிஸ்ட் பெண்கள் தொடங்கிய வெளிநாட்டு மிஷன் சங்கம், ஒவ்வொரு உறுப்பினரிடமும் வாரம் 2 சென்ட்டும் ஒரு ஜெபமும் கேட்டது. அந்தச் சில்லறைக் காசுகளைத் திரட்டித்தான் அதே ஆண்டில் இசபெல்லா தோபர்னையும் மருத்துவர் கிளாரா ஸ்வெய்னையும் வட இந்தியாவுக்கு அனுப்பியது. சிறுதொகையை ஒழுங்காகச் சேர்ப்பது, கணக்கு எழுதுவது, தொலைவிலுள்ள மக்களைப் பற்றி மாதந்தோறும் படிப்பது ஆகிய மூன்று பழக்கங்களும் பின்னாளில் காபிக்கு அப்படியே பயன்பட்டன.

கைவினை: கொடையிலிருந்து வணிகத்துக்கு

1946-ல் பென்சில்வேனியாவின் அக்ரான் ஊரைச் சேர்ந்த மென்னனைட் சபைப் பெண் எட்னா ரூத் பைலர், போர்ட்டோ ரிக்கோவுக்குச் சென்றார். அங்கே மென்னனைட் தொண்டர்கள் நடத்திய தையல் வகுப்புப் பெண்கள் நேர்த்தியாக எம்பிராய்டரி செய்தார்கள். விற்கச் சந்தை இல்லை. அந்தத் துணிகளை வாங்கிவந்த பைலர், காரில் ஏற்றிக்கொண்டு போய், தமக்குத் தெரிந்த பெண்களிடம் விற்றார். அந்த முயற்சியே வளர்ந்து 1996-ல் 'டென் தவுசண்ட் வில்லேஜஸ்' என்ற பெயர் பெற்றது. 1949-ல் பிரதரன் சபையார் தொடங்கிய 'செர்வ்' அமைப்பும் ஐரோப்பிய அகதிகளின் கைவேலைப் பொருள்களை இவ்வாறே விற்றது.

இங்கு ஒரு மாற்றம் நிகழ்ந்துவிட்டது. ஏழைக்குக் கொடுத்தவர்கள், ஏழையிடமிருந்து வாங்கத் தொடங்கினார்கள். ஆயினும் பொருளின் விலை ஏன் அப்படி இருக்கிறது என்ற கேள்வி இன்னும் எழவில்லை.

விலையைக் கேட்ட பெண்கள்

அதை உரக்கக் கேட்டவர்களில் சுவிட்சர்லாந்தின் ஃபிராவன்ஃபெல்ட் நகரப் பெண்கள் முக்கியமானவர்கள். 1973-ல் போதகரின் மனைவி உர்சுலா புருன்னரும் அவருடைய சபைத் தோழிகளும் மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களைப் பற்றிய ஆவணப்படத்தைப் பார்த்திருந்தனர். அச்சமயத்தில் மிக்ரோஸ் அங்காடி வாழைப்பழ விலையைக் குறைத்தது. 'விளைவித்தவருக்கு இதில் என்ன கிடைக்கிறது?' என்று அவர்கள் நிறுவனத்திடமே கேட்டார்கள். 'வாழைப்பழப் பெண்கள்' என்று அறியப்பட்ட இவர்கள் தெருவில் பழம் விற்றபடி மக்களிடமும் அதே கேள்வியைக் கொண்டுசென்றனர். அதே 1973-ல் குவாத்தமாலாக் கூட்டுறவு விவசாயிகளின் காபி டச்சு மாற்று வணிக அமைப்பு வழியாக ஐரோப்பாவுக்கு வந்தது. விலை, நியாயத்தின் அளவுகோலாயிற்று.

காபி: ஆராதனைக்குப் பின்

அமெரிக்காவில் 1986-ல் தொடங்கிய 'ஈக்வல் எக்ஸ்சேஞ்ச்' என்ற காபி நிறுவனம், நிகராகுவா மீது அந்நாடு விதித்திருந்த வணிகத் தடையைத் தாண்டி நிகராகுவா காபியை விற்றது. 1989 ஜூலையில், விலையைத் தாங்கிப்பிடித்த சர்வதேச காபி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீடுகள் முறிந்தன. சில மாதங்களிலேயே உலகச் சந்தையில் விலை சரிந்தது. 2001 இறுதியில் அது பவுண்டுக்கு 50 சென்ட்டுக்கும் கீழே போனது. அப்போது நியாய வணிகத்தில் உறுதியளிக்கப்பட்ட விலையோ 1.26 டாலர்.

இந்த விலைச் சரிவுகளின் காலத்தில்தான் திருச்சபைகள் நுழைந்தன. 1996-ல் ஈக்வல் எக்ஸ்சேஞ்சும் லுத்தரன் உலக நிவாரண அமைப்பும் இணைந்து காபித் திட்டம் தொடங்கின. பிரஸ்பிட்டேரியன் சபை 2001-லும், மெதடிஸ்ட் நிவாரண அமைப்பு 2002-லும் சேர்ந்தன.

திட்டத்தை அறிவித்தவை தலைமை அலுவலகங்கள்; நடைமுறைக்குக் கொண்டுவந்தது சபைச் சமையலறை. அமெரிக்கச் சபைகளில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோரும் கூடத்தில் நின்று காபி குடிப்பது வழக்கம். தூள் வாங்குவது, பெரிய மின் கொதிகலனில் காபி இறக்குவது, கோப்பை கழுவுவது ஆகியவை பெரும்பாலும் பெண்கள் சங்கத்தின் பொறுப்பு. விலை கூடிய தூள் கட்டுப்படியாகுமா என்ற கணக்கும் அவர்களுடையதே. ஒரு பவுண்டு தூளில் ஏறத்தாழ 45 கோப்பை வரும். பவுண்டுக்கு 3 டாலர் கூடுதல் என்று வைத்துக்கொண்டாலும் கோப்பைக்கு 7 சென்ட்டுக்கும் குறைவு. மொத்த விலையில் பெட்டிபெட்டியாக வாங்கி, சபையாரின் வீட்டுக்கும் பொட்டலங்களாக விற்கும் வழி அமைந்தபோது, சங்கமே ஒரு சிறு கடையாயிற்று. விளம்பரமின்றி நீடித்த வாடிக்கை உருவானது இப்படித்தான்.

விளைவித்த பெண்கள்

இந்த வரலாற்றின் மறுமுனையையும் பார்க்க வேண்டும். காபிப் பழம் பறிப்பதும் கொட்டையை உலர்த்திப் பிரிப்பதும் பெருமளவு பெண்களின் வேலை. ஆனால் நிலப் பட்டாவும் கூட்டுறவு உறுப்புரிமையும் பல இடங்களில் ஆண்கள் பெயரில்தான் இருந்தன. நியாய விலை வந்தாலும் பணம் கணவன் கைக்கே போயிற்று. இதற்கு விடையாக 2003-ல் பெருவின் பெண் விவசாயிகள் தங்கள் விளைச்சலைத் தனியே பிரித்து விற்க முடிவுசெய்தனர்; அது 'கஃபே ஃபெமெனினோ' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பணம் நேராகத் தங்கள் கைக்கு வர வேண்டும் என்பது அவர்கள் வைத்த நிபந்தனை.

முடிவுரை

வாரம் 2 சென்ட் சேர்த்த சங்கத்துக்கும் காபிப் பெட்டி வாங்கிய சங்கத்துக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. இரண்டையும் இணைப்பது ஒழுங்காகச் சேர்ந்து செயல்படும் பழக்கம். முத்திரை நம்பகத்தன்மை தந்தது. அதற்கு ஆயுள் தந்தது இந்தப் பழக்கம். சமையலறை வேலை என்று ஒதுக்கப்பட்டதால் இந்த உழைப்புக்கு வரலாற்றில் உரிய இடம் கிடைக்கவில்லை. நியாய வணிகத்தின் வரலாற்றை முழுமையாக எழுத விரும்புவோர், ஒப்பந்தங்களோடு சபைப் பெண்கள் சங்கங்களின் கூட்டக் குறிப்பேடுகளையும் வரவு செலவுக் கணக்குகளையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ள வேண்டும். வாங்கும் பெண்ணின் கணக்கும் விளைவிக்கும் பெண்ணின் கணக்கும் அருகருகே வைத்துப் படிக்கப்படும்போதே, அந்த வணிகம் எவ்வளவு நியாயமானது என்பதை நேர்மையாக அளக்க முடியும்.