மெட்டல் டிடெக்டரும் சீர்காழி மண்ணும்

லீவில் ஊருக்கு வந்தபோது கூடப் படிக்கும் நண்பன் ஒருவன் புது யோசனையோடு வந்தான். வெளிநாட்டில் ஆட்கள் மெட்டல் டிடெக்டரோடு பார்க்கில் நாள் முழுக்க நடந்து காசு, மோதிரம் எல்லாம் எடுக்கிறார்களாம். வீடியோவில் பார்த்திருக்கிறான். "நம்ம சீர்காழி மண்ணுல இல்லாததாடா? ஒரு மெஷின் வாங்கலாமா?" என்றான். அவனுக்குச் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரை.

அவன் ஆசையில் தப்பில்லை. 2009-ல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஒருவர் வயலில் டிடெக்டரோடு நடந்தபோது ஆங்கிலோ-சாக்சன் காலத்துத் தங்கம் கிடைத்தது. அவர் முறைப்படி தகவல் சொன்னார். தொல்லியல் ஆட்கள் வந்து தோண்டினார்கள். கடைசியில் சுமார் 33 லட்சம் பவுண்டு என்று மதிப்பிட்டு, அவரும் நிலத்துக்காரரும் பாதிப் பாதி வாங்கிக்கொண்டார்கள்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 2023 ஏப்ரலில் சட்டைநாதர் கோயிலில் கும்பாபிஷேகத்துக்காக யாகசாலை அமைக்க ஜேசிபி வைத்து மண் எடுத்தார்கள். டிடெக்டர் எதுவும் இல்லை. சில அடி ஆழத்திலேயே 20-க்கும் மேற்பட்ட ஐம்பொன் சிலைகளும், தேவாரப் பதிகங்கள் பொறித்த 400-க்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வந்தன. அதுவும் சம்பந்தர் பிறந்த ஊரில்! தில்லையில் தேவார ஓலைகளைக் கரையான் அரித்துக் கிடந்தது என்பது நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை. செம்பைக் கரையானால் என்ன செய்ய முடியும்? பத்திரமாக இருக்கவேண்டும் என்று நினைத்து யாரோ செய்த வேலை.

உடனே எழுந்த கேள்வி, இது யாருக்குச் சொந்தம் என்பது. கோயிலிலேயே இருக்கவேண்டும் என்று தருமபுரம் ஆதீனமும் பக்தர்களும் சொன்னார்கள். அரசு தரப்பில் புதையல் சட்டத்தைக் காட்டினார்கள். அது 1878-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும் (ஆமாம், இன்றைக்கும் பத்து ரூபாய்தான்!). யாரும் உரிமை கோராவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. மறைத்தால் அந்தப் பங்கு போய்விடும், தண்டனையும் உண்டு.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம டெல்டாவிலேயே ஒரு கதை இருக்கிறது. 1976-ல் பத்தூரில் மண் வெட்டிய ஒரு கூலித் தொழிலாளிக்கு நடராஜர் சிலை கிடைத்தது. சொற்பக் காசுக்குக் கைமாறி, கடைசியில் லண்டன் போய்ச் சேர்ந்தது. 1982-ல் ஒரு கனடா கம்பெனி அதை இரண்டரை லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. வழக்கு நடந்தது. இந்தச் சிலை பத்தூர்ச் சிலைதான் என்று எப்படி நிரூபிப்பது? அதே இடத்தில் பின்னால் கிடைத்த மற்றச் சிலைகளோடு ஒப்பிட்டார்கள். ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் தடத்தையும்கூட விடவில்லை. தொல்லியல் அறிஞர் நாகசாமி சாட்சி சொன்னார். 1988-ல் தீர்ப்பு, 1991-ல் நடராஜர் திரும்பினார். ஓலையை அரித்த அதே கரையான் இங்கே கட்சி மாறிவிட்டது, பாருங்கள்!

நண்பனுக்கு நான் சொன்னது இதைத்தான். டிடெக்டர் "பீப்" அடிக்கும், அவ்வளவுதான். உள்ளே இருப்பது சோடா மூடியா, சோழர் காசா என்பது தோண்டினால்தான் தெரியும். தோண்டும்போதே அது எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில், எந்த மண்ணில் கிடந்தது என்பது கலைந்துவிடுகிறது. நம் கோயிலில் ஜேசிபி அள்ளியபோது எத்தனை செப்பேடு உடைந்ததோ என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அதில் ஒரு பதிகம் பாதியாகப் போயிருந்தால்?

அவன் இன்னும் மெஷின் யோசனையை விடவில்லை. கடற்கரையில் மோதிரம் தொலைத்தவர்களுக்குத் தேடிக் கொடுக்கலாம் என்கிறான். நல்ல காரியம்தான். பூம்புகார் பக்கம் மட்டும் போகாதேடா என்று சொல்லிவைத்திருக்கிறேன்.