எழுத்தில் வராத தடை: டெல்டாவில் செய்தி பகிரும் குழுக்களுக்குத் துணை நிற்கும் வழிகள்

ஏலம், வரி, வெள்ள எச்சரிக்கை என அரசின் செய்தியை ஊருக்கு அறிவிக்கும் வேலை தலைமுறைகளாகச் சேரியின் மீது சுமத்தப்பட்டிருந்தது. தண்டோரா போடும் அந்த வழக்கத்தைக் கைவிடச் செய்யுமாறு தமிழ்நாட்டின் தலைமைச் செயலர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது 2022 ஆகஸ்டில்தான். பிறர் செய்தியைச் சுமக்க வைக்கப்பட்ட அதே மக்கள் தம் கூலியை, தம் நிலத்தை, தம்மீதான வன்கொடுமையைப் பற்றித் தாமே பேச முற்படும்போது மட்டும் 'அனுமதி வாங்கினீர்களா?' என்ற கேள்வி எழுகிறது.

காவிரிப் படுகையில் இன்று அந்தச் செய்தியைச் சொல்பவை பெரும்பாலும் சிறு குழுக்களே. அம்பேத்கர் மன்றம், விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளை, பெண்கள் குழு ஆகியவற்றின் கையில் இருப்பது ஒரு துண்டறிக்கை, ஒரு வாட்ஸ்அப் குழு, தெருமுனையில் ஓர் ஆவணப்படத் திரையிடல். இவற்றின் மீது தடை எவ்வாறு வருகிறது, சட்டம் என்ன சொல்கிறது, துணை நிற்க விரும்புவோர் என்ன செய்யலாம் என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம். நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே: வாய்மொழித் தடையை எழுத்துக்குக் கொண்டுவருவதே முதல் உதவி.

வெண்மணியின் பாடம்

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில், ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல்லை உயர்த்தக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததுமே அவர்கள்மீது சுமத்தப்பட்ட 'குற்றம்'. கீழமை நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் பின்னர் விடுவித்தது.

நீதிமன்றத் தாள்களை மட்டும் நம்பியிருந்தால் அந்த இரவுக்குக் குற்றவாளிகளே இல்லை. ஆண்டுதோறும் நினைவிடத்தில் கூடும் மக்கள், சங்க வெளியீடுகள், பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படம் ஆகியவைதாம் உண்மையைக் காத்து வந்துள்ளன. மக்கள் குழுக்கள் சேர்த்து வைக்கும் தகவல் சில வேளைகளில் எஞ்சும் ஒரே சாட்சியாகிறது.

சென்னை மாகாணத்தின் இரு வழக்குகள்

விடுதலை இந்தியாவின் கருத்துரிமைச் சட்டம் வளர்ந்ததே சென்னை மாகாண அரசின் இரண்டு தடைகளை எதிர்த்துத்தான். தஞ்சையில் பண்ணையாட்களைத் திரட்டிய கம்யூனிஸ்டுக் கட்சி ஒடுக்கப்பட்டிருந்த காலம் அது. 1950 மார்ச்சில், பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழ் மாகாணத்திற்குள் நுழையக் கூடாது என அரசு ஆணையிட்டது. 'ரொமேஷ் தாப்பர் எதிர் சென்னை மாநிலம்' வழக்கில் உச்ச நீதிமன்றம் 1950 மே 26 அன்று அந்த ஆணையை ரத்து செய்தது. கருத்தைப் பரப்பும் உரிமை, அதை மக்களிடம் கொண்டு சேர்க்கும் உரிமையையும் உள்ளடக்கியது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அதே 1950 மார்ச்சில், அறிவைப் பரப்புவதை நோக்கமாகக் கொண்டு பதிவு செய்யப்பட்டிருந்த மக்கள் கல்விச் சங்கத்தைச் சட்டவிரோத அமைப்பு என அரசு அறிவித்தது. அதன் பொதுச் செயலாளர் வி.ஜி. ராவ் நீதிமன்றம் சென்றார். 1952 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் அத்தடைக்கு அடிப்படையான சட்டப்பிரிவைச் செல்லாததாக்கியது. அரசின் திருப்தி மட்டும் போதாது; தடையை உரியவர்களிடம் முறையாகச் சேர்ப்பிக்கவும், அதை நீதிமன்றம் ஆராயவும் வழியிருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

இவ்விரு தீர்ப்புகளுக்கு இடையே, 1951இல் முதலாவது அரசமைப்புத் திருத்தம் 'பொது ஒழுங்கு' என்ற காரணத்தைச் சேர்த்துத் தடைக்கான வாயிலை அகலப்படுத்தியது. ஆயினும் தடை 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அத்திருத்தத்தின் வழியாகவே வந்தது. இன்றுவரை நாம் பற்றிக்கொள்ளும் பிடி அது.

தடை வரும் வழிகள்

முதலாவது, வாய்மொழி எச்சரிக்கை. மண்டப உரிமையாளருக்கோ அச்சக உரிமையாளருக்கோ ஒரு தொலைபேசி அழைப்பு வரும், கூட்டம் நின்றுவிடும். ஆணை எதுவும் இராது. ஆணை இல்லாததால் எதிர்த்து வழக்காடவும் எதுவும் இராது. டெல்டாவில் நாம் மிகுதியாகக் காண்பது இதுவே.

இரண்டாவது, 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30(2) பிரிவும், பழைய 144 தடையுத்தரவின் இன்றைய வடிவமான பி.என்.எஸ்.எஸ். 163ஆம் பிரிவும். முன்னது சாலை, தெரு முதலிய பொது வழிகளில் நடக்கும் கூட்டங்களையும் ஊர்வலங்களையும் ஒழுங்குபடுத்துவது. நான்கு சுவருக்குள் நடக்கும் கூட்டத்தை அதன் வாசகம் தொடுவதில்லை. பின்னதன்படி ஆணை காரணங்களுடன் எழுத்தில் இருக்க வேண்டும். மாநில அரசு நீட்டித்தாலன்றி இரண்டு மாதத்திற்கு மேல் நிலைக்காது.

மூன்றாவது, கைதும் தடுப்புக் காவலும். 2017 ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாயில் கசிவு ஏற்பட்டது. திரண்ட மக்கள்மீது தடியடி நடந்தது. மீத்தேன் எதிர்ப்புக் கூட்டமைப்பின் பேராசிரியர் த. ஜெயராமன் உள்ளிட்டோர் கைதாகி ஒரு மாதத்திற்கும் மேலாகச் சிறையில் இருந்தனர். கதிராமங்கலம், நெடுவாசல் போராட்டங்களுக்கு ஆதரவாகச் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த இதழியல் மாணவி வளர்மதி ஜூலையில் கைது செய்யப்பட்டு, குண்டர் தடுப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்டார். செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. ஆனால் இடைப்பட்ட வாரங்கள் சிறையிலேயே கழிந்தன. துண்டறிக்கை கொடுக்க நினைத்த மற்றவர்களுக்கு அந்த வாரங்களே எச்சரிக்கையாயின.

நான்காவது, இணைய முடக்கம். 2018 மே 22 தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டைத் தொடர்ந்து தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய ஆணைகள் வெளியிடப்பட வேண்டும், காலவரையற்ற முடக்கம் கூடாது என்றது. இன்றைய விதிகளின்படி ஓர் ஆணையின் உச்ச வரம்பு 15 நாட்கள். தளங்களை மட்டும் தனியே முடக்குவதும் உண்டு. 2025 பிப்ரவரியில் ஒரு கருத்துப்படத்திற்காக விகடன் இணையதளம் முழுவதும் முடங்கியது. அந்தப் படத்தை நீக்கியதும் தளத்தைத் திறந்துவிடுமாறு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பெரிய நிறுவனத்திற்கே இந்த நிலை என்றால், வழக்கறிஞர் இல்லாத சிறு குழுவின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

துணை நிற்போர் செய்ய வேண்டியவை

கூட்டத்திற்கு முன்: காவல் நிலையத்திற்குத் தரும் கடிதத்தை நேரில் கொடுத்து ஒப்புதல் முத்திரை பெறுங்கள், அல்லது ஒப்புகை பெறும் வகையில் தபாலில் அனுப்பி ஒப்புகைச் சீட்டைப் பாதுகாத்திடுங்கள். 'கூடாது' என வாயால் சொன்னால், அன்றே 'தாங்கள் இன்ன தேதியில் இன்ன நேரத்தில் கூறியதன்படி அனுமதி மறுக்கப்பட்டதாகக் கொள்கிறோம். எழுத்துப்பூர்வ ஆணை வேண்டும்' என ஒரு கடிதம் கொடுங்கள். இந்த ஒரு தாள் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்ய இயலும். தஞ்சாவூர் மாவட்டத்தவர் மதுரைக் கிளைக்கும், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டத்தவர் சென்னைக்கும் செல்ல வேண்டும். வழக்கறிஞரை அதற்கேற்ப முன்கூட்டியே பேசி வைத்திருப்பது நலம்.

கைதின்போது: காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 'நியூஸ்கிளிக்' நிறுவனர் பிரபீர் புர்காயஸ்தாவின் கைது, காரணம் எழுத்தில் தரப்படாததால் செல்லாது என 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லாக் குற்றங்களுக்கும், கைதானவருக்குப் புரியும் மொழியில் காரணம் தரப்பட வேண்டும் என 2025 நவம்பரில் அதை விரித்தது. குண்டர் தடுப்புச் சட்டமெனில் ஐந்து நாட்களுக்குள் காரணங்கள் தரப்பட வேண்டும். அரசுக்கு முறையீட்டை உடனே அனுப்புங்கள், அதன் பரிசீலனையில் ஏற்படும் தாமதமே ஆட்கொணர்வு மனுவில் வலுவான வாதமாகும்.

கைப்பேசியைப் பறித்தால்: பி.என்.எஸ்.எஸ். 105ஆம் பிரிவின்படி சோதனையும் கைப்பற்றுதலும் காணொளியாகப் பதிவு செய்யப்பட வேண்டும். கைப்பற்றிய பொருட்களின் பட்டியல் நகலைக் கேட்டுப் பெறுங்கள். குழுவின் ஆவணங்கள் ஒரே கைப்பேசியில் மட்டும் இருப்பதைத் தவிருங்கள். அச்சுப்படி ஒன்றேனும் வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

வாட்ஸ்அப் குழுவில்: நிர்வாகியாக இருப்பது மட்டுமே குற்றமாகாது என 2021 டிசம்பரில் மதுரைக் கிளை தெளிவுபடுத்தியுள்ளது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்றே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அப்பிரிவைச் சொல்லி மிரட்டினால் அஞ்ச வேண்டியதில்லை. பேச்சு, எழுத்து தொடர்பான குற்றங்களில், அவற்றுக்கான தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் எனில், வழக்குப் பதிவதற்கு முன் பூர்வாங்க விசாரணை நடத்துவது பொருத்தம் என 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் அதே நீதிமன்றம் கூறியுள்ளது.

செலவுக்கு: 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் அதிகாரச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் முன்கூட்டியே விண்ணப்ப மாதிரியை வாங்கி வைத்திருங்கள்.

சட்டமே கேட்கும் செய்தி

வன்கொடுமைச் செய்தியைப் பகிர்வது அமைதியைக் குலைக்கும் என்ற வாதம் அடிக்கடி வைக்கப்படுகிறது. சட்டம் சொல்வது வேறு. 1995ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 12ஆம் விதிப்படி, ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நிகழ்விடத்திற்குச் செல்ல வேண்டும். ஏழு நாட்களுக்குள் நிவாரணம் தரப்பட வேண்டும். 17ஆம் விதிப்படி, அரசு சாரா உறுப்பினர்களையும் கொண்ட மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்திற்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். கடமையை வேண்டுமென்றே தவறும், பட்டியலினத்தவர் அல்லாத அரசு ஊழியருக்குச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு. ஆகவே 'எட்டாம் நாள் ஆயிற்று, நிவாரணம் வரவில்லை' என்று ஒரு குழு எழுதுமானால், அது அரசு தன் சட்டத்தைத் தானே பின்பற்றுகிறதா எனச் சரிபார்ப்பதாகும். இதை அவதூறு என்பது அபத்தம்.

நமக்கு நாமே வகுக்க வேண்டிய வரம்பு

தணிக்கையற்ற செய்தி என்பது சரிபார்க்காத செய்தி அன்று. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பி.என்.எஸ். 72ஆம் பிரிவிலும், குழந்தைகளாயின் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவிலும் குற்றம். பெயரை மட்டும் விட்டுவிட்டுத் தெருவையும் பள்ளியையும் எழுதுவதும் அடையாளம் காட்டுவதேயாகும். நாள், நேரம், இடம், நேரில் கண்டவர் யார், கேட்டறிந்தது எது என்பதைக் குழுவின் பதிவேட்டில் பிரித்து எழுதுங்கள். சாட்சியின் பெயர் பதிவேட்டோடு நிற்கட்டும். துண்டறிக்கைக்கு வர வேண்டாம். தவறான ஒரு வரி, உண்மையான நூறு வரிகளையும் பொய்யெனக் காட்ட எதிர்த்தரப்புக்குப் போதுமானது.

டெல்டாவின் சிறு குழுக்களுக்குப் பெருந்தொகையைவிட அவசரமாகத் தேவைப்படுபவை எளியவை: இரவில் தொலைபேசியை எடுக்கும் ஒரு வழக்கறிஞர், நகல் எடுத்து வைத்த ஒரு கோப்பு, காவல் நிலைய வாசலில் 'ஆணை எங்கே?' என்று அமைதியாகக் கேட்க உடன் வரும் இரண்டு பேர். எழுத்தில் வந்த தடையை நீதிமன்றத்தில் எதிர்கொள்ளலாம். எழுத்தில் வராத தடையை எழுத்துக்குக் கொண்டுவருவதே நம் முதல் வேலை.