நீசான் 14: பாஸ்கா நாள் பற்றிய திருச்சபை விவாதம்

இயேசுநாதர் வெள்ளிக்கிழமையன்று சிலுவையில் அறையப்பட்டார் என்பதில் நான்கு நற்செய்தி நூல்களும் உடன்படுகின்றன. அவ்வெள்ளிக்கிழமை யூதரின் நீசான் மாதத்து எத்தனையாம் நாள் என்ற வினாவிற்கு மட்டும் அவை ஒரே விடையைத் தருவதில்லை. ஒருநாள் வித்தியாசந்தான். ஆயினும், பண்டிகை நாள் பற்றிய பிணக்கிலும், பல நூற்றாண்டுகளின் பின் திருவிருந்து அப்பம் பற்றிய பிணக்கிலும் இவ்வொருநாள் வித்தியாசம் இடம்பெற்றுள்ளமையை வரலாறு காட்டுகின்றது.

முதலில் மூல நூல்களை நோக்குதல் தகும். யூதர் கணக்கில் நாளானது சூரியன் மறையும்போது தொடங்குவது. நீசான் 14 ஆம் நாட் பிற்பகலில் எருசலேம் ஆலயத்தில் பாஸ்கா ஆட்டுக்குட்டிகள் பலியிடப்படும். இருட்டியதும், அதாவது 15 ஆம் நாள் பிறந்ததும், பாஸ்கா விருந்து உண்ணப்படும். மாற்கு, மத்தேயு, லூக்கா ஆகியோர் இயேசு சீடரோடு உண்ட இறுதி இராப்போசனத்தைப் பாஸ்கா விருந்தாகவே காட்டுவர். எனவே அவர் மரித்தது 15 ஆம் நாள் ஆகின்றது. யோவானோ வேறுவிதமாகக் கூறுகின்றார். இயேசுவைப் பிலாத்துவிடம் கொண்டுவந்தோர், பாஸ்கா உண்ணுமுன் தீட்டுப்பட்டுவிடக் கூடாதென அரண்மனைக்குள் நுழையாது வெளியே நின்றனர் என்பது அவர் தருஞ் செய்தி. விருந்து இன்னும் நடைபெறவில்லை. ஆகவே இயேசு மரித்தது 14 ஆம் நாள், ஆலயத்தில் ஆட்டுக்குட்டிகள் வெட்டப்படும் வேளையில். தமது நூலின் முதல் அதிகாரத்திலேயே இயேசுவைக் கடவுளின் ஆட்டுக்குட்டி எனச் சுட்டியவர் யோவான். அவருடைய காலக்கணக்கில் இறையியல் நோக்கம் கலந்துள்ளது என ஆய்வாளர் பலர் கருதுவதற்கு இதுவே காரணம்.

இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த பிணக்கு இந்நூல்களிலிருந்து நேரே பிறந்ததன்று. சின்ன ஆசியாவின் கிறித்தவர், கிழமை எதுவாயினும், நீசான் 14 ஆம் நாளிலேயே பாஸ்காவை அனுட்டித்தனர். பதினான்காம் நாளினர் என்ற பெயர் இதனால் அவர்க்கு வாய்த்தது. உரோமாபுரியும் வேறு பல சபைகளும் உயிர்த்தெழுந்த கிழமையாகிய ஞாயிறு தவிர வேறு நாளை ஏற்கவில்லை. ஏறத்தாழ கி.பி. 155 இல், சிமிர்னா நகரின் முதிய ஆயர் பொலிக்கார்ப் உரோமாபுரி சென்று அந்நகர் ஆயர் அனிசேற்றசைச் சந்தித்தார். யோவானோடும் ஏனைய அப்போஸ்தலரோடும் சேர்ந்து தாம் அனுட்டித்ததைக் கைவிட இயலாதென்றார் பொலிக்கார்ப். தமக்கு முன்னிருந்த மூப்பரின் வழக்கத்தைத் தாம் காத்தல் வேண்டுமென்றார் அனிசேற்றஸ். இருவருமே நூற்சான்றினை அன்றி முன்னோர் வழக்கினையே துணைக்கொண்டமை கவனிக்கத்தக்கது. எவரும் எவரையும் இணங்கச் செய்யவில்லை. எனினும், தமது சபையில் நற்கருணைத் திருவிருந்தை நடத்தும் பெருமையைப் பொலிக்கார்ப்புக்கு அளித்தார் அனிசேற்றஸ். இருவரும் சமாதானமாகவே பிரிந்தனர்.

நூல்களை நேர்நிறுத்தி வாதிட்டோருள் முற்பட்டவர் எனத்தக்கவர் ஹயராப்பொலிஸ் நகரத்து அப்பொலினாரியஸ். சிலர் மத்தேயுவை ஆதாரங் காட்டி, இயேசு 14 இல் ஆட்டுக்குட்டியை உண்டு மறுநாள் பாடுபட்டார் என்கின்றனர். அவ்வாறாயின் நற்செய்திகள் ஒன்றோடொன்று முரணுமே என்பது அவருடைய தடை. ஏழாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட பாஸ்காக் காலக்குறிப்பு நூலில் அவருடைய வாதத்தின் சிறு துணுக்குகளே எஞ்சியுள்ளன. எனினும், இன்றைய விவிலிய ஆய்வாளரை வருத்தும் வினா அன்றே தெளிவாக எழுப்பப்பட்டுவிட்டமைக்கு அவை சான்றாகும்.

கி.பி. 190 அளவில் நிலைமை மாறிற்று. உரோமை ஆயர் விக்ரர், ஆசியச் சபைகள் தம் வழக்கைக் கைவிடல் வேண்டுமெனப் பணித்தார். எபேசு ஆயர் பொலிக்கிரற்றீஸ் அடிபணியவில்லை. ஆசிய மண்ணில் அடக்கம் பெற்ற பிலிப்பு, யோவான், பொலிக்கார்ப் முதலியோரை வரிசைப்படுத்தி, தம் உறவினருள் எழுவர் ஆயராயிருந்தனர், தாம் எட்டாமவர் என மறுமொழி எழுதினார். விக்ரர் ஆசியச் சபைகளைத் திருச்சபை உறவினின்று விலக்க முனைந்தார். இவ்விடத்திலேதான் லியோன் நகர ஆயர் இரனேயுவின் பெருமை புலப்படுகின்றது. அவர் சின்ன ஆசியாவிற் பிறந்து, இளமையிற் பொலிக்கார்ப்பின் போதனையைக் கேட்டவர். ஆயினும் ஞாயிற்று வழக்கையே கைக்கொண்டவர். பாஸ்காவுக்கு முந்திய நோன்பைச் சிலர் ஒருநாளும், சிலர் இருநாளும், வேறு சிலர் அதனினுங் கூடுதலாகவும் அனுட்டிக்கின்றனர். ஆயினும் அனைவரும் சமாதானமாக வாழ்கின்றனரே என விக்ரருக்கு நினைவூட்டினார். தாம் ஏற்காத வழக்கிற்கும் இடமளிக்க வேண்டினாரே, அதுவே இவ்விவாத வரலாற்றில் மிக உயர்ந்த குரல் எனலாம். இச்செய்திகளை நமக்கு வழங்கியவர் யூசேபியஸ்.

325 இல் நைசீயாவிற் கூடிய பொதுச்சங்கம், எல்லோரும் ஒரே ஞாயிறன்று பண்டிகையைக் கொண்டாட வேண்டுமென முடிவு செய்தது. அப்போது சிரியா முதலிய கீழைப் பகுதிகளிற் பலர் ஞாயிற்றுக்கிழமையை ஏற்றிருந்தும், நீசான் மாதத்தைத் தீர்மானிப்பதில் யூதரின் கணிப்பையே பின்பற்றினர். முடிவை அறிவித்து அரசன் கொன்ஸ்ரன்ரைன் சபைகளுக்கு விடுத்த மடலில், நற்செய்திகளின் காலக்கணக்கு ஆராயப்படவில்லை. யூதரோடு எதனையும் பொதுவிற் கொள்ளலாகாது என்ற வெறுப்பே அங்கு ஓங்கி ஒலிக்கின்றது. யூதராகப் பிறந்து, யூதரின் பண்டிகைக்காக எருசலேம் சென்றவரின் நினைவு நாளைக் குறிக்க இத்தகைய நியாயம் வேண்டப்பட்டமை வருந்தத்தக்கது.

பண்டிகை நாள் பற்றிய தீர்ப்பு மூல நூல்களின் முரண்பாட்டைத் தீர்க்கவில்லை. அது அப்பத்தின் வடிவில் மீண்டுந் தலைகாட்டியது. இராப்போசனம் பாஸ்கா விருந்தேயாயின், அதில் உண்டது புளிப்பற்ற அப்பம். இலத்தீன் திருச்சபை அத்தகைய அப்பத்தையே பயன்படுத்திற்று. யோவான் கூறுவதுபோல் அது பாஸ்காவிற்கு முந்திய இரவாயின், புளித்த அப்பமே மேசையில் இருந்திருக்கும் என்றனர் கிரேக்கர். 1053 இல் இப்பிணக்கு முற்றி, 1054 இல் உரோமாபுரித் தூதர்களும் கொன்ஸ்தாந்திநோப்பிள் முதுபிதா மிகையிலும் ஒருவரையொருவர் விலக்கினர். அப்பிளவிற்குப் பாப்பரசரின் அதிகாரம் உட்பட வேறு காரணங்களும் உண்டு. 1439 இல் புளோரன்ஸ் சங்கம், கோதுமை அப்பமாயின் புளித்தாலும் புளிக்காவிட்டாலும் செல்லும் என அறிவித்தபோதும் பிளவு ஆறவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் விவாதம் குருமாரின் கையிலிருந்து பெரிதும் ஆய்வாளரின் கைக்கு மாறிற்று. ஜெர்மானிய அறிஞர் யொவாக்கிம் யெரமியாஸ், இராப்போசனம் பாஸ்கா விருந்தே என வாதிட்டார். 1947 முதல் சாக்கடலோரக் கும்றான் குகைகளிற் கிடைத்த சுவடிகள், யூதருள் ஒரு சாரார் 364 நாட்கொண்ட சூரிய நாட்காட்டியைக் கையாண்டமையை உறுதிசெய்தன. அதனைக் கொண்டு பிரெஞ்சு ஆய்வாளர் ஆனி ஜோபேர் 1957 இல் ஒரு சமரசத்தை முன்வைத்தார். இயேசு அந்நாட்காட்டியின்படி செவ்வாய் இரவிலேயே பாஸ்கா உண்டார், ஆலயத்தார் தம் நாட்காட்டியின்படி வெள்ளி இரவில் உண்டனர், ஆகவே இரு சாட்சியங்களும் மெய் என்பது அவர் கருத்து. இயேசு கும்றான் வழியினரின் நாட்காட்டியைப் பின்பற்றினார் என்பதற்கு நற்செய்திகளில் நேரடிச் சான்றில்லாமையால் அறிஞருட் பலர் இதனை ஏற்கவில்லை. வானியற் கணிப்பை நாடியோர், நீசான் 14 வெள்ளியில் அமைந்த நாட்களாகக் கி.பி. 30 ஏப்ரல் 7, கி.பி. 33 ஏப்ரல் 3 ஆகிய இரண்டினைச் சுட்டுவர். யோவானின் கணக்கை முன்னரே ஏற்றுக்கொண்டோர்க்கே இவை பொருந்தும். அன்றியும் எருசலேமில் மாதம் பிறந்தது கணிதத்தினால் அன்று. மாலை வானிற் பிறையைக் கண்டவரின் வாய்ச்சாட்சியினாலேயாம்.